தவில் போகும் வழியே கட்டமும் போகட்டும்: டெம்போ மேப்பை மென்பொருள் விட்டு மென்பொருளுக்கு மாற்றும் முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் இன்று ஒரு கோயிற் பாடல் ஒரே கூரையின் கீழ் முடிவதில்லை. இணுவிலிலிருந்தோ அளவெட்டியிலிருந்தோ வரும் நாதஸ்வரமும் தவிலும் இங்குள்ள கலையகத்தில் பதிவாகின்றன. பாடகர் ரொறன்ரோவில் தம் வீட்டு அறையிலிருந்து பாடி அனுப்புகிறார். ஒலிக்கலவையை சூரிச்சில் இருப்பவர் செய்கிறார். மூவரிடமும் இருப்பவை மூன்று வெவ்வேறு ஒலிப்பதிவு மென்பொருள்கள். ஒலிக்கோப்புகள் எந்த மென்பொருளிலும் திறந்துவிடும். அந்த ஒலிக்கு அடியில் ஓடும் காலப்பிரமாணம் அப்படித் தானாகத் திறந்துகொள்வதில்லை. அதைத் தனியே எடுத்து, தனியே அனுப்பி, தனியே சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

இதை நான் கற்றது ஒரு கொடியேற்றப் பாடலைக் கெடுத்த பிறகுதான். தவில் கிளிக் (அட்சரங்களை எண்ணிக் காட்டும் தட்டொலி) இல்லாமல் பதிவானது. அதன் சராசரிக் காலப்பிரமாணம் நிமிடத்துக்கு 71.62 அட்சரமாக இருக்க, என் திரையில் தசமங்கள் மறைந்திருந்ததால் “72” என்ற எண்ணை மட்டும் செய்தியாக அனுப்பிவிட்டேன். கூட்டுக்குரலைப் பதிவுசெய்தவர் அந்த 72ஐ இட்டு, அந்தக் கிளிக்கிற்கே கூட்டுக்குரலைப் பாடவைத்தார். 320 அட்சரங்கள் கொண்ட அந்தப் பாடல் தவிலின் கணக்கில் 268.08 செக்கனில் முடிந்தது, கூட்டுக்குரலோ 266.67 செக்கனில் முடித்துக்கொண்டு நின்றது. தவிலுக்கு 1.4 செக்கன், அதாவது ஒன்றரை அட்சரத்துக்கும் மேல், முன்னால் ஓடிய குரலைத் துண்டு துண்டாக வெட்டிப் பின்னுக்கு இழுப்பதில் இரண்டு இரவுகள் கழிந்தன.

மேப்பில் இருப்பவை

டெம்போ மேப் என்பது, அதாவது பாடலின் காலப்பிரமாணக் குறிப்பு, ஓர் எண் அல்ல, ஒரு வரிசை. எந்தப் பாரின் (சில பீட்கள் சேர்ந்த தொகுதி) எந்த பீட்டில் (ஒரு தட்டு) வேகம் எவ்வளவாக மாறுகிறது, எந்த இடத்தில் தாள அளவு மாறுகிறது, ஒரு வேகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது படியாக ஏறுகிறதா சரிவாக ஏறுகிறதா, இவை எல்லாவற்றுக்கும் தொடக்கமான முதலாம் பார் கடிகாரத்தில் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்ற நான்கும் அதில் அடங்கும். மாற்றும்போது பெரும்பாலும் முதல் இரண்டும் பத்திரமாகச் சேர்ந்துவிடும். வழியில் சிதைவன மற்ற இரண்டுமே.

ஏறத்தாழ எல்லா மென்பொருள்களும் ஒப்புக்கொள்ளும் வாகனம் 1988இல் வரையறுக்கப்பட்ட மிடி கோப்பு, அதாவது ஒலியை அல்லாமல் சுரங்களையும் அவற்றின் நேரத்தையும் எழுதி வைக்கும் கோப்பு. அதன் உள்ளே பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை பீட்) என்ற எண்ணே கிடையாது. ஒரு குவார்ட்டர் நோட் (4/4இல் ஒரு பீட்) எத்தனை மைக்ரோசெக்கன் நீளம் என்பதே எழுதப்படுகிறது. 120 பிபிஎம் என்றால் 500,000. 72 பிபிஎம் என்றால் 833,333. முழு எண்ணாக்குவதால் வரும் பிழை ஒரு நோட்டுக்கு அரை மைக்ரோசெக்கனைத் தாண்டாது; 320 அட்சரம் சேர்ந்தாலும் ஒரு மில்லிசெக்கனில் ஆறிலொரு பங்குகூட வராது. ஆகவே மிடி துல்லியமற்றது என்று சொல்வோரை நம்ப வேண்டியதில்லை. துல்லியத்தைக் கெடுப்பவர்கள் திரையில் தெரிந்த எண்ணைக் கையால் தட்டும் நாமே.

அந்தக் கோப்பின் மூன்று இயல்புகளை நினைவில் வைத்திருக்க வேண்டும். முதலாவது, டெம்போ எழுதப்படாத மிடி கோப்பு 120 என்றே கொள்ளப்படும். உள்வாங்கிய பின் திரையில் 120 நின்றால், பாடல் உண்மையிலேயே 120இல் இருந்தாலன்றி, மேப் வந்து சேரவில்லை என்பதே பொருள். இரண்டாவது, தாள அளவின் கீழெண் 2இன் அடுக்காகவே இருக்க முடியும், வேகமோ எப்போதும் குவார்ட்டர் நோட்டையே அளக்கும். மிஸ்ர சாபுவை 7/8 என்று எழுதி அட்சரத்தை எட்டிலொரு நோட்டாக வைத்திருந்தால், நிமிடத்துக்கு 160 அட்சரம் ஓடும் பாடலின் மிடி வேகம் 80. எதிர்முனையில் இருப்பவரிடம் 160 என்று சொல்லிவிட்டு 80 இருக்கும் கோப்பை அனுப்பினால் அவர் குழம்புவதில் வியப்பில்லை. மூன்றாவது, மிடி கோப்புக்குச் சரிவு தெரியாது, படிகள் மட்டுமே தெரியும். இதற்குப் பின்னர் தனியே வருகிறேன்.

மூலத்தை ஒழுங்குபடுத்துதல்

அனுப்புவதற்கு முன், உங்கள் புரொஜெக்டின் ஒரு பிரதியைத் தனிப் பெயரில் சேமித்து, எல்லா வேலையையும் அந்தப் பிரதியில் செய்யுங்கள்.

கிளிக் இல்லாமல் பதிவான தவிலுக்கு மேப் அமைக்கும்போது, ஒவ்வோர் அட்சரத்திலும் புள்ளி இடாதீர்கள். ஆவர்த்தனத்தின் (தாளத்தின் ஒரு முழுச் சுற்றின்) சமத்தில், அதாவது அதன் முதல் அட்சரத்தில், மட்டும் ஒரு புள்ளி இடுவதே என் வழக்கம். ஓர் ஆவர்த்தனத்துக்குள் தவில்காரர் சற்றே தள்ளி வாசிப்பதும் முந்தி வாசிப்பதும் அவருடைய நடை. அதைப் பிழையாக எண்ணிக் கட்டத்தை (திரையில் பாரையும் பீட்டையும் காட்டும் கோடுகளை) அதன் பின்னால் ஓடவிட்டால், அந்தக் கட்டத்தில் வைக்கப்படும் ஸ்ட்ரிங்ஸும் கிற்றாரும் நடுங்கத் தொடங்கும். ஆதி தாளத்தை 8/4 என ஒரே பாராக எழுதலாம் என்றாலும், வெளிநாட்டில் உள்ளவரோடு “எத்தனையாவது பார்” என்று பேச வேண்டியிருப்பதால் இரண்டு 4/4 பார்களாக எழுதுவதே எனக்கு வசதி. கண்ட சாபுவுக்கு 5/8, மிஸ்ர சாபுவுக்கு 7/8. நீங்கள் எதைத் தேர்ந்தாலும் பாடல் முழுவதும் அதையே பின்பற்றுங்கள்.

நம் பாடல்களில் மட்டும் எழும் சிக்கல் விருத்தம். தாளமற்ற அந்தப் பகுதிக்கு மேப்பில் என்ன எழுதுவது? சிலர் விருத்தத்தை வெட்டித் தனிக் கோப்பாக வைத்துவிடுகிறார்கள். அப்போது பாடலின் தொடக்கப் புள்ளி ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வோர் இடமாகிவிடும். விருத்தத்துக்கும் ஒரு பொய்க் கட்டம் போட்டு, பாடல் எடுப்பு ஒரு பாரின் முதல் பீட்டில் சரியாக விழும்படி செய்வதே நல்லது. விருத்தம் 47.3 செக்கன் என்று கொள்வோம். அதற்கு 12 பார்களை, அதாவது 48 பீட்களை ஒதுக்கினால், 48ஐ 60ஆல் பெருக்கி 47.3ஆல் வகுக்க 60.888 பிபிஎம் கிடைக்கும். தசமங்களை விட்டுவிடாதீர்கள்: 60.89 என்று இட்டால் எடுப்பு ஒன்றரை மில்லிசெக்கன் தவறும், அதைப் பொறுக்கலாம். 61 என்று இட்டால் 87 மில்லிசெக்கன் முந்திவிடும், அது எந்தக் காதுக்கும் கேட்கும். விருத்தத்தின் மேல் கிளிக் ஒலிக்க வேண்டியதில்லை என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்தால், பாடகர் அந்தக் கிளிக்கிற்கு விருத்தம் பாட முயலும் விபத்து நேராது.

அடுத்தது தொடக்கம். முதலாம் பாரின் முதல் பீட் கடிகாரத்தில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சில மென்பொருள்கள் சுழியத்திலும், லொஜிக் வழக்கமாக ஒரு மணி நேரம் என்ற எஸ்எம்பிடிஇ (படத்துறையின் நேரக்குறியீடு) நேரத்திலும் தொடங்கும். முன்னெண்ணிக்கைக்காக எதிர்ம எண் கொண்ட பார்களைச் சேர்த்திருப்பவர்களும் உண்டு. மிடி கோப்பில் முதற் புள்ளிக்கு முன் எதுவும் இருக்க முடியாதென்பதால், அத்தகைய புரொஜெக்டுகளில் முன்னெண்ணிக்கையையும் முதலாம் பாருக்குள் கொண்டுவந்து எல்லாவற்றையும் பின்னே தள்ள வேண்டும். அதன் பிறகு அனுப்பும் ஒவ்வோர் ஒலிக்கோப்பையும், அதில் நான்கு நிமிடம் அமைதியே இருந்தாலும், முதலாம் பாரின் முதற் புள்ளியிலிருந்தே தொடங்கும்படி ஒன்றிணைத்து ஏற்றுமதி செய்யுங்கள். சாம்பிள் ரேட்டை (ஒரு செக்கனில் ஒலி எத்தனை முறை அளக்கப்படுகிறது என்பதை) எழுதி வையுங்கள்.

எந்த வாகனம்

இரு முனையிலும் ஒரே மென்பொருள் இருந்தால் அதன் சொந்த வழியே சிறந்தது. கியூபேஸில் ஃபைல் மெனுவின் எக்ஸ்போர்ட் பகுதியில் உள்ள டெம்போ ட்ராக் என்ற கட்டளை, வேக மாற்றங்களையும் தாள அளவு மாற்றங்களையும் எஸ்எம்டி என்ற நீட்சி கொண்ட சிறு கோப்பாக எழுதித் தரும். மறுமுனையில் இம்போர்ட் பகுதியில் அதே பெயரிலுள்ள கட்டளையால் அதைத் திறக்கலாம். திறந்ததும் அங்கிருந்த பழைய டெம்போ ட்ராக் முழுவதும் அழிந்து புதியது அமரும் என்பதை மறவாதீர்கள். புரோ டூல்ஸில் இம்போர்ட் செஷன் டேட்டா சாளரத்தைத் திறந்து, டெம்போ மற்றும் மீட்டர் மேப் என்ற பெட்டியைத் தெரிவுசெய்தாற் போதும். ட்ராக் எதையும் எடுக்காமல் மேப்பை மட்டும் எடுக்கலாம்.

மென்பொருள்கள் வேறுபட்டால் மிடி கோப்பு. பிட்விக், ப்ரீசோனஸ் ஆகிய நிறுவனங்கள் 2023இல் வெளியிட்ட டோ-ப்ராஜெக்ட் என்ற திறந்த வடிவமும் டெம்போ ஆட்டோமேஷனைச் சுமக்கும். இரு முனைகளும் அதை ஏற்கும் பதிப்புகளாக இருந்தால் அது மிடியைவிட வசதியானது. ஓஎம்எஃப், ஏஏஎஃப் கோப்புகளை இதற்கு நம்ப வேண்டாம். அவை ஒலித்துண்டுகளைக் கடிகார நேரத்தில் அடுக்கித் தருவதற்காக உருவானவை. மறுமுனையில் ஒலிகள் எல்லாம் சரியான இடத்தில் அமர்ந்திருக்க, கட்டம் மட்டும் எங்கோ நிற்பதைக் கண்டு பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

எந்த வாகனத்தை எடுத்தாலும் அதனுடன் ஒரு கிளிக் ஒலிக்கோப்பும் செல்ல வேண்டும். அது மாற்று வழியும் ஆகும், சாட்சியும் ஆகும்.

ஏற்றுமதி

ரீப்பரில் ஃபைல் மெனுவில் உள்ள எக்ஸ்போர்ட் ப்ராஜெக்ட் மிடி என்பதைத் திறந்து, முழுப் புரொஜெக்ட் என்பதையும் டெம்போ, தாள அளவு மாற்றங்களை உட்பொதிக்கும் பெட்டியையும் தெரிவுசெய்யுங்கள். மார்க்கர்களையும் சேர்க்கும் பெட்டி அங்கேயே உண்டு. பல்லவி, சரணம் என்று பெயரிட்டிருந்தால் அதையும் இடுங்கள். லொஜிக்கில் ஏதேனும் ஒரு மிடி ரீஜன் தெரிவாகியிருந்தால்தான் ஏற்றுமதி நடக்கும் என்பதால், முதலாம் பாரில் தொடங்கிப் பாடலின் கடைசி வரை நீளும் ஒரு ரீஜனை உருவாக்கி, அதன் தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு சுரம் வைத்து, அதைத் தெரிந்தெடுத்துச் செலெக்ஷன் ஆஸ் மிடி ஃபைல் என்ற கட்டளையைக் கொடுங்கள். இந்த இரு சுரம் வைக்கும் பழக்கத்தை நான் எல்லா மென்பொருளிலும் கடைப்பிடிக்கிறேன். சுரமே இல்லாத மிடி கோப்பை வெறுங்கோப்பாக எண்ணி ஒதுக்கும் அபாயம் நீங்குவதோடு, கடைசிச் சுரம் நின்ற இடத்தை வைத்தே மறுமுனையில் மேப் சரியா என்று ஒரே பார்வையில் அறியலாம்.

கோப்பின் வகையைக் கேட்டால் வகை 1 என்று சொல்லுங்கள்; அதில் டெம்போ முதல் ட்ராக்கில் ஒதுங்கி நிற்கும். நுண்மை கேட்டால் குவார்ட்டர் நோட்டுக்கு 480 டிக் (மிடி கோப்பின் மிகச் சிறிய நேர அலகு) போதும். 72 பிபிஎம்மில் ஒரு டிக் 1.7 மில்லிசெக்கன்தான், மேலும் சமத்தில் மட்டுமே புள்ளிகள் இட்டிருந்தால் அவை டிக்கின் மீதே துல்லியமாக விழும்.

உள்வாங்குதல்

இந்தப் படியில் வரிசை மாறினால் எல்லாம் கெடும். முதலில் வெறும் புரொஜெக்ட் ஒன்றைச் சரியான சாம்பிள் ரேட்டில் திறக்க வேண்டும். இரண்டாவதாக மேப்பை உள்வாங்க வேண்டும். ஒலிக்கோப்புகளை மூன்றாவதாகவே இட வேண்டும். ஏற்கெனவே ஒலி நிறைந்த புரொஜெக்டுக்குள் மேப்பைக் கொண்டுவர நேர்ந்தால், அந்த ஒலிகளை முன்கூட்டியே கடிகார நேரத்தோடு கட்டிவிடுங்கள். ரீப்பரில் டைம்பேஸ் என்ற அமைப்பை டைம் என்று மாற்றுவது, புரோ டூல்ஸில் ட்ராக்கை டிக்ஸிலிருந்து சாம்பிள்ஸுக்கு மாற்றுவது, கியூபேஸில் ட்ராக்கை லீனியர் நிலைக்குக் கொண்டுவந்து மியூசிக்கல் மோட் அணைந்திருப்பதை உறுதிசெய்வது, லொஜிக்கில் ரீஜன்களின் எஸ்எம்பிடிஇ இடத்தைப் பூட்டுவது ஆகிய எல்லாம் அந்த ஒரே காரியத்தின் பல பெயர்கள். இதைச் செய்யாவிட்டால் புதிய கட்டம் அமரும் கணத்தில் நாதஸ்வரத் துண்டுகள் அதன் பின்னால் இடம்பெயரும் அல்லது ரப்பர் போல நீளும்.

ரீப்பர் மிடி கோப்பை இட்டதும் அதன் டெம்போ மேப்பையும் எடுக்கவா என்று கேட்கும். லொஜிக்கும் கேட்கும். புரோ டூல்ஸில் மிடி இம்போர்ட் சாளரத்தில் அதற்கான பெட்டியை நீங்களே தெரிவுசெய்ய வேண்டும். மேலும் கண்டக்டர் பொத்தான் அணைந்திருந்தால் மேப் உள்ளே இருந்தும் செயற்படாது. கியூபேஸில், திறந்திருக்கும் புரொஜெக்டோடு மிடி கோப்பை இணைக்கும்போது மாஸ்டர் ட்ராக் நிகழ்வுகளைப் புறக்கணிக்கும் விருப்பத்தேர்வு ஒன்று உண்டு. அது இயங்கிக்கொண்டிருந்தால் சுரங்கள் வரும், வேகம் வராது. அங்கும் டெம்போ ட்ராக்கை இயக்கி வைக்க வேண்டும்.

ஏபிள்டன் லைவில் வேக மாற்றங்கள் மெயின் ட்ராக்கின் ஆட்டோமேஷனாக இருப்பதால், நான் மிடியோடு மல்லுக்கட்டுவதில்லை. கிளிக் ஒலிக்கோப்பை அரேஞ்ச்மென்டில் இட்டு, சமங்களில் வார்ப் மார்க்கர் (ஒலியைக் கட்டத்தோடு பிணைக்கும் புள்ளி) வைத்து, அந்தத் துண்டையே வேகத்துக்குத் தலைமை தாங்கும்படி அமைத்துவிட்டால் கட்டம் அதைப் பின்தொடரும். சற்றுக் கைவேலைதான், ஆனால் பாடல் ஐந்து நிமிடமென்றால் அரை மணி நேரத்தில் முடியும்.

சரிவுகள்

திருப்புகழ் போன்ற பாடல்களின் இறுதியில் காலப்பிரமாணம் மெல்ல ஏறும். அதை 8 பீட்களில் 72இலிருந்து 96க்கு ஏறும் ஒரு சரிவாக வரைந்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். அந்த 8 பீட்களும் எத்தனை செக்கன்? சரிவு நேரத்தோடு நேர்கோடாக ஏறினால் சராசரி 84, ஆகவே 5.714 செக்கன். பீட்டோடு நேர்கோடாக ஏறினால் 5.754 செக்கன். இரு மென்பொருள்களிலும் திரையில் ஒரே கோடு தெரிந்தாலும் கணக்கு வேறென்றால் 40 மில்லிசெக்கன் வேறுபடும். அதையே பீட்டுக்கு ஒரு படியாக, 72, 75, 78 என்று 93 வரை வெட்டி மிடியில் எழுதினால் 5.859 செக்கன், ஒரு படியும் எழுதப்படாமல் கடைசி 96 மட்டும் போய்ச் சேர்ந்தால் 6.667 செக்கன், அதாவது ஏறத்தாழ ஒரு செக்கன் தாமதம்.

அதனால் சரிவை அனுப்பாமல், நீங்களே அதைப் படிகளாக்கி, அந்தப் படிகளுக்கு ஏற்ப உங்கள் புரொஜெக்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். பீட்டுக்கு நான்கு படி வைத்தால் போதும். படிகள் சரிவுக்கு எவ்வளவு நெருக்கம் என்பது இங்கே முக்கியமல்ல. இரு முனையிலும் அதே படிகள் இருப்பதே முக்கியம். கிளிக்கையும் படியாக்கிய பிறகே பதிவுசெய்யுங்கள். இசைக்கருவிகள் ஏற்கெனவே பதிவாகிவிட்டன என்றால், சரிவு முடியும் சமம் பழைய இடத்திலேயே விழும்படி கடைசிப் படியின் வேகத்தைச் சற்றுத் திருத்தினால் அடுத்து வரும் எல்லாம் தப்பிவிடும்.

சரிபார்த்தல்

மூலத்தில் ஐந்து இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றும் எத்தனையாவது பார், கடிகாரத்தில் எந்த மில்லிசெக்கன் என்று எழுதுங்கள்: தொடக்கம், விருத்த முடிவு, தாள அளவு மாறும் இடம், சரிவு முடியும் இடம், கடைசிப் பார். மறுமுனையில் அதே பார்களுக்குப் போய் அதே எண்கள் வருகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். எழுதிய எண்ணுக்கும் வந்த எண்ணுக்கும் 2 மில்லிசெக்கனுக்கு மேல் வேறுபாடு இருந்தால் நான் வேலையைத் தொடங்க விடுவதில்லை. பிறகு நீங்கள் அனுப்பிய கிளிக்கை இடப் பக்கத்திலும் அவருடைய மென்பொருளின் கிளிக்கை வலப் பக்கத்திலும் வைத்து, பாடலின் கடைசி அரை நிமிடத்தைக் கேட்கச் சொல்லுங்கள். தொடக்கத்தைக் கேட்டுத் திருப்திப்படுவதில் பயனில்லை; தொடக்கத்தில் எல்லா மேப்பும் சரிதான்.

பிழை இருந்தால் அதன் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும். எல்லா இடங்களிலும் ஒரே அளவு விலகல் என்றால் தொடக்கப் புள்ளி வேறு. போகப்போக வளரும் விலகல் என்றால் எங்கோ தசமம் வெட்டப்பட்டிருக்கிறது அல்லது சாம்பிள் ரேட் பிசகியிருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிது: 44.1 கிலோஹேர்ட்ஸ் கோப்பு 48 என்று வாசிக்கப்பட்டால் நான்கு நிமிடப் பாடல் 220.5 செக்கனில் முடிவதோடு சுருதியும் ஒரு சுரத்தானத்துக்கு மேல் ஏறிவிடும். நாதஸ்வரம் கீச்சிடத் தொடங்கினால் மேப்பைக் குறை சொல்லாதீர்கள். குறித்த ஒரு பாருக்குப் பிறகு மட்டும் பார் எண்கள் மாறினால் அங்கே தாள அளவு தொலைந்திருக்கிறது. வேகம் சரியாக இரட்டித்தோ பாதியாகவோ வந்திருந்தால், அது 7/8க்கும் குவார்ட்டர் நோட்டுக்கும் இடையிலான பழைய வழக்கு.

அனுப்பும் கோப்புறை

இப்போது என் கோப்புறையில் ஐந்து பொருள்கள் இருக்கும்: மிடி கோப்பு, இரு முனையிலும் ஒரே மென்பொருள் என்றால் அதன் சொந்தக் கோப்பும், முதலாம் பாரிலிருந்து தொடங்கும் கிளிக், அதே புள்ளியிலிருந்து தொடங்கும் மாதிரிக் கலவை ஒன்று, சாம்பிள் ரேட், தொடக்க நேரம், தாள அளவு, அந்த ஐந்து இடங்களின் நேரம் ஆகியவற்றை எழுதிய உரைக்கோப்பு. நாலரை நிமிட மோனோ கிளிக், 48 கிலோஹேர்ட்ஸ் 24 பிட்டில், 39 மெகாபைட் வரும். இணைய இணைப்பு இழுக்கும் நாட்களில் கிளிக்கை எம்பி3 ஆக்கி அனுப்பத் தோன்றும். அந்த வடிவம் தொடக்கத்தில் சிறு வெற்றிடத்தைச் சேர்த்து எல்லாவற்றையும் சற்றே பின்தள்ளிவிடக்கூடும் என்பதால், கிளிக்கை மட்டும் எத்தனை மணி நேரமானாலும் வேவ் கோப்பாகவே ஏற்றுகிறேன்.